வெண்பாவுக்குள் வராத பெயர்

யாப்பு நடத்தும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று அன்றைக்குத் தமிழாசிரியர் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "பிள்ளைங்க பேரையே அசை பிரிச்சு அலகிடச் சொல்லுங்க, தானா முழிச்சுக்குவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். சிலர் குறித்துக்கொண்டீர்கள். நல்ல யோசனைதான். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நடத்தினேன். பிறகு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

புதுச்சேரி நகரத்துக்குள் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நானும் இன்னொருவரும் தமிழ் நடத்தினோம். அவர் பெயர் வேண்டாம். பள்ளியில் எல்லோருக்கும் அவர் தமிழய்யா. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி, மாடியில் அடுத்தடுத்த வகுப்பு. நடுவில் ஒரு மரத்தடுப்புதான். அவர் பாடம் என் வகுப்புக்கும், என் பாடம் அவர் வகுப்புக்கும் கேட்கும்.

யாப்பில் அவரைப் போலக் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. ஒருமுறை பணிநிறைவு விழாவில் யாரோ வாழ்த்து வெண்பா வாசித்தபோது, முதல் வரிசையில் இருந்து மெதுவாக "தளை தட்டுது" என்றார். வாசித்தவர் மைக்கிலேயே நின்றுவிட்டார். அது அகம்பாவம் இல்லை. சோற்றில் கல் இருந்தால் நாம் முகம் சுளிப்பதில்லையா, அப்படித்தான் அவருக்கு. அடுத்த நாளே அந்த மனிதர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, வெண்பாவைச் சரிசெய்து கொடுத்துவிட்டும் வந்தார்.

அவருக்கு ஒரே மகள். செந்தாமரை. தமிழாசிரியர் மகள் என்பதற்கான அடையாளம் அந்தப் பெயர் ஒன்றுதான். பி.காம். படித்தாள், கம்ப்யூட்டர் படித்தாள், புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு அரியாங்குப்பம். தினமும் காலையில் ஆற்றுப்பாலம் தாண்டி, ஊரைக் கடந்து, மறுகோடிக்கு ஸ்கூட்டியில் போவாள். போகிற வழியில் சில நாள் அப்பாவைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே எனக்குக் கையாட்டுவாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு காலைநேரத்தில் அப்பாவை இறக்கிவிடாமல் நேராகப் போனாள். வழியில் ஒரு லாரி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பிணவறைக்கு வெளியே தமிழய்யா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். போஸ்ட்மார்ட்டம் முடிந்து வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்தபோது, அவர் மனைவி அம்சவேணி தரையில் விழுந்து அலறினார். தமிழய்யா அழவில்லை. துணியின் மேல் இருந்த தையலைப் பார்த்தபடியே நின்றார். அந்தப் பார்வையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் அப்படித்தானே நிற்பார்கள் என்று நினைத்தேன்.

காரியத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் பள்ளிக்கு வந்தார். விடுப்பில் இருந்தவர், சவரம் செய்யாத முகத்தோடு ஆசிரியர் அறைக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். காரியப் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும், பிரஸ்காரர் பாய் காத்துக்கொண்டிருக்கிறார் என்றார். எங்கள் பள்ளி ஆண்டுமலரை அச்சடிக்கும் பிரஸ் அது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், அலகிட்டுச் சொல்லுங்க."

நான்கு அடி. அவர் கையெழுத்து.

வாசல் விளக்கேற்றி வந்திடுவாய் என்றிருந்தோம்
ஓசை அடங்கி ஒருபகலில் – பேசாமல்
போனாயே செந்தாமரை பொன்னே உனையழைக்க
ஏனோ எழவில்லை நா.

ஒருமுறை படித்தேன். கண் நிறைந்துவிட்டது. மறுபடி படிக்கும்போது, உங்களுக்கும் இதே கதிதான் வரும், வேலையில் ஊறிய கண் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. வாசல், ஓசை, பேசாமல்: எதுகை சுத்தம். போனாயே, ஏனோ: அதுவும் சுத்தம். வாசலுக்கு வந்திடுவாய், ஓசைக்கு ஒருபகலில், ஏனோவுக்கு எழவில்லை: மோனை. கடைசிச் சீர் 'நா' என்று ஒற்றை அசையில், தொண்டை அடைத்தது போல நின்றுவிடுகிறது. இரண்டாம் அடி 'பேசாமல்' என்ற தனிச்சொல்லில் தொங்கி, மூச்சு வாங்கி, அடுத்த அடிக்குப் போகிறது. ஒரு நேரிசை வெண்பாவின் அமைப்பை வைத்துக்கொண்டு துக்கத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் அடியின் இரண்டாம் சீரில் என் விரல் நின்றது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். செந், தா இரண்டும் நேரசை. மரை நிரையசை. மூன்று அசை வந்து, கடைசி அசை நிரையாக முடிந்தால் அது கனிச்சீர். செந்தாமரை தேமாங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வரக்கூடாது. வந்தால் அது வெண்பா இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் நாம் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அவருக்குத் தெரியாதா? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் பாராட்டுக் கேட்டு வரவில்லை. வீட்டில் எல்லோரும் பொய்யான ஆறுதல் சொல்லி அவரைக் களைப்பாக்கியிருந்தார்கள். ஒரே ஒரு இடத்திலாவது உண்மை கிடைக்கும் என்று வந்திருக்கிறார். அதனால் சொன்னேன்.

"மூணாம் அடி, ரெண்டாம் சீர் சார்."

தலையாட்டினார். "ம். கனி."

 நான் 'செந்' என்பதை விரலால் மறைத்துக் காட்டினேன். "செந் எடுத்துட்டுத் தாமரைன்னு போட்டா சரியாயிடும் சார். விளம் முன் நேர் வந்துடும். வேற எதையும் தொட வேணாம்."

"போட்டுப் பாத்தேன். வூட்டுல படிச்சுக் காட்டுனேன். 'தாமரை யாரு? எம்பொண்ணு பேரு செந்தாமரை. எவளுக்கோ பாட்டு எழுதிக்கிட்டு வந்து எங்கிட்ட படிக்கிறியா'ன்னு கேட்டா. அவ கேக்கறது நியாயந்தானே."

"விருத்தமா மாத்திடலாமே சார். விருத்தத்துல கனி வரலாம்."

"வெண்பாதான் டீச்சர்." குரல் முதல்முறையாக உடைந்தது. "சின்னப் புள்ளையா இருக்கச்ச, உன் பேரு வெண்பாக்குள்ள நுழையாதுடின்னு கேலி பண்ணுவேன். அப்ப ஏன்பா வச்சேன்னு சண்ட போடுவா. போன மாசம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போனப்புறம் சொன்னா, 'என் கல்யாணப் பத்திரிகைல வெண்பா போடணும். அதுல என் முழுப் பேரும் வரணும். நீ எப்படி நுழைப்பியோ எனக்குத் தெரியாது'ன்னு. சரின்னு சொல்லிட்டேன்."

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. நம் புலவர்கள் காலம்காலமாகக் கையாளும் வழி. ஒரு சொல் சீருக்குள் அடங்காவிட்டால் அதைப் பிரித்து, முன்பாதியை முந்தின சீரோடு ஒட்டி, பின்பாதியை அடுத்த சீராக வைப்பது. வகையுளி என்போம். 'போனாயே' என்பதைப் 'போன' என்று ஆக்கினால் போதும். போனசெந் – தாமரை – பொன்னே. தளை சுத்தம், எதுகை கெடவில்லை, பெயரும் முழுதாக அடிக்குள் வந்துவிடுகிறது. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதையும் போட்டேன் டீச்சர். மொத நாளே போட்டேன். செந் அங்க, தாமரை இங்கன்னு ரெண்டா கெடக்குது. ஆஸ்பத்திரியில ஒருவாட்டி அறுத்துத் தச்சுக் குடுத்தாங்க. நானும் அறுக்கணுமா?"

எனக்கு அப்போதுதான் அந்தத் தூணும் அந்தப் பார்வையும் புரிந்தன.

"அப்படின்னா இப்படியே விட்டுடுங்க சார்," என்றேன். "தளை தட்டட்டும். அந்த எடத்துல தட்டித்தான் ஆகணும். பாக்குறவங்களுக்குப் புரியும்."

"எத்தன புள்ளைங்க பேப்பர்ல செவப்பு மை போட்டிருப்பேன். மார்க்கக் கொறச்சிருப்பேன். எம்பொண்ணுக்கு மட்டும் சட்டம் வேறயா?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். 

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் அறை போன் அடித்தது. பிரஸ் பாய். நான்தான் எடுத்தேன். "டீச்சரம்மா, அய்யா அங்க இருக்காரா? மேட்டர் குடுத்தா இப்பவே ஓட்டிடுவேன். ராவுக்குக் கரண்டு நிக்குமாம்." ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்து, போனை வாங்கினார்.

"பாய், பாட்டு இல்ல. பேரு, நாளு, நேரம் மட்டும் போடுங்க."

அந்தப் பக்கம் பாய் ஏதோ கேட்டார்.

"அந்த எடம் சும்மாவே இருக்கட்டும். தாமரைப் படமெல்லாம் வேணாம் பாய்."

பத்திரிகை அப்படித்தான் வந்தது. மேலே பெயர், கீழே குடும்பத்தார், நடுவில் வெள்ளையாக ஒரு இடம். வந்தவர்களில் பலர் அச்சுப்பிழை என்று நினைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்தது. அவர் வேலைக்கு வந்தார். முன்பைப் போலவே நேரத்துக்கு வருவார், பாடம் நடத்துவார், போவார். பதினோராம் வகுப்புக்கு யாப்பு வந்தபோது, "நான் எடுத்துக்கறேன் சார், நீங்க செய்யுள் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு டீச்சர்? அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். தலைமையாசிரியையிடம் தனியாகச் சொன்னேன். அவர், "அவரே கேக்காம எப்படிங்க மாத்துறது? மனசு நோகாதா?" என்றார். அதுவும் சரிதான். துக்கத்தில் இருப்பவரை வேலையிலிருந்து விலக்குவது நல்லதா, வேலையிலேயே விடுவது நல்லதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி ஒரு நிலைமை வந்தால் நீங்களே பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

அன்று என் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. தேமா, புளிமா முடிந்து காய்ச்சீர்கள் முடிந்து கனிக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்: தேமாங்கனி, புளிமாங்கனி, கருவிளங்கனி, கூவிளங்கனி. "தேமாங்கனிக்கு ஆளுக்கொரு எடுத்துக்காட்டு சொல்லுங்க" என்றார். அது அவருடைய வழக்கமான கேள்வி. யாரோ ஒருத்தி தப்பாகச் சொன்னாள், திருத்தினார். அப்புறம் ஒரு பெண் குரல், விடை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சத்தமாக:

"செந்தாமரை அய்யா!"

அந்த வருடம்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த பெண். அவளுக்கு எதுவும் தெரியாது. 

சாக்பீஸ் சத்தம் கேட்டது. யாராவது விடை சொன்னால் உடனே பலகையில் எழுதி அலகிட்டுக் காட்டுவது அவர் பழக்கம். அந்தக் கை பழக்கத்தில் போய்விட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

நான் ஓடினேன். பலகையில் செந், தா, மரை என்று மூன்று துண்டு. நடுவில் இரண்டு சாய்ந்த கோடுகள். கீழே நேர், நேர் என்று இரண்டு முறை எழுதியிருந்தார். மூன்றாவதற்குச் சாக்பீஸை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "சார்" என்றேன். திரும்பினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. சாக்பீஸை மேசை மேல் வைத்தார். தூசி தட்டினார். என்னைத் தாண்டி, படியிறங்கி, வெயிலில் போய்விட்டார். செருப்பு வகுப்பு வாசலிலேயே கிடந்தது.

பின்னாலேயே போவதா, வகுப்பில் இருப்பதா? யோசிக்க நேரமில்லை. பக்கத்துப் பெண் காதில் ஏதோ சொல்ல, விடை சொன்ன பெண் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டுப் போனால், அவளும் ஒரு சுமையோடு வாழ்வாள் என்று தோன்றியது. விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டுச் சாரைப் பின்தொடரச் சொல்லிவிட்டு உள்ளே நின்றேன்.

அவள் எழுந்து, "மிஸ், எனக்குத் தெரியாது மிஸ், சத்தியமா தெரியாது" என்று அழ ஆரம்பித்தாள்.

"உன் விடை சரி," என்றேன். "உக்காரும்மா. நீ சொன்னது சரியான விடை."

பலகையை அழிக்கவா விடவா என்று தடுமாறினேன். அவர் முடிக்காமல் விட்டது பிள்ளைகள் கண்முன் அப்படியே நின்றது. கடைசியில் 'மரை'க்குக் கீழே நிரை என்று நானே எழுதினேன். பக்கத்தில் தேமாங்கனி என்று எழுதினேன்.  எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூட எழுதிக்கொள்ளவில்லை. மணி அடிக்கும்வரை புளிமாங்கனிக்கும் கருவிளங்கனிக்கும் எடுத்துக்காட்டு சொல்லி ஒப்பேற்றினேன். ஆள் பெயர் ஒன்றையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சொன்னதுமில்லை.

விளையாட்டு ஆசிரியர் அவரைக் கடற்கரைச் சாலையில் கண்டுபிடித்து ஆட்டோவில் வீட்டில் விட்டார். அதன்பின் அவர் மேல்வகுப்புகளுக்குப் போகவில்லை. ஆறாம் வகுப்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே யாப்பு இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலும் செய்யுள் இருக்கிறதே. பாட்டை ராகம் போட்டுச் சொல்லித்தரும் மனிதர், உரைநடை போல வாசித்துவிட்டுப் பொருளைச் சொல்லிவிடுவார். ஒரு வருடம் அப்படி ஓட்டினார். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். வழியனுப்பு விழா வேண்டாம் என்றுவிட்டார்.

நான் அவ்வப்போது அரியாங்குப்பம் போய்ப் பார்ப்பேன். ஒரு முறை, அவரை எப்படியாவது மீட்டுவிடலாம் என்ற நினைப்பில், ஒரு வெண்பாவைக் கொண்டுபோனேன். போட்டிக்காக ஒரு பிள்ளை எழுதியது. அதில் கண்ணுக்கு முன்னால் நிற்பதுபோல ஒரு தளைப் பிழை; இரண்டாம் அடியில் எதுகையே இல்லை. வேண்டுமென்றே திருத்தாமல் எடுத்துப்போனேன். அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார். நான் வாசித்தேன். பிழை வரும் இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி வாசித்தேன்.

"நல்லா இருக்குதே டீச்சர்," என்றார். "பாப்பாகிட்ட நல்லா எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

"தளை ஏதாவது..." என்று இழுத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது."

கேட்டும் மறைக்கிறாரோ என்று அவர் கண்ணைப் பார்த்தேன். மறைக்கவில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை.

கிளம்பும்போது அம்சவேணி என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தார்.  தூரத்தில் பஸ் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், தப்பா நெனக்காதீங்க. ரொம்ப நாளு அந்த மனுசன் தூங்கவே இல்ல. வெரல மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கினே கெடப்பாரு. இப்பதான் கொஞ்ச நாளா தூங்குறாரு. நல்லா சாப்புடுறாரு. நீங்க வாங்க, எப்ப வேணா வாங்க. ஆனா பாட்டு எதும் எடுத்தாராதீங்க."

சரி என்றேன். தமிழய்யா இறக்கும்வரை எத்தனையோ முறை போய்வந்தேன். மழை வருமா, மீன் என்ன விலை, முட்டி வலிக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்துவிடுவேன்.